நீர்த்தேக்கச் சுற்றுப்பாதை: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்

(நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் கரடுமுரடான பாதைகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எழுதிய பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வண்டல்மேடு

பதினான்கு கிலோமீட்டர் சுற்று, மிதமான பாதை. இந்த மாதிரிச் சுற்றெல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீர்மட்டம் நன்றாக இறங்கியிருந்த சமயம். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஓடை ஒன்று வந்து சேரும் இடத்தில் பாதை உள்ளே வளைந்து போய்த் திரும்பி வரும். குறுக்கே போனால் எண்பது அடிதான். நடுவில் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த வண்டல். காலால் தட்டிப் பார்த்தேன், ஓடு மாதிரி இருந்தது. சைக்கிளை அதன் மேலேயே ஓட்டிவிட்டேன்.

முதல் பத்து அடி சிமென்ட் தரை மாதிரி ஓடியது. அப்புறம் முன்சக்கரத்துக்கு அடியில் பொதுக்கென்று ஒரு சத்தம். பாளம் நடுவில் உடைந்து அதன் விளிம்பு என் முகத்தை நோக்கி எழுந்தது. அடியில் கன்னங்கரேல் என்று களி. அச்சு வரை சக்கரம் இறங்க, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன்.

உறுத்துவது அது இல்லை. பின்னால் வந்த தம்பியிடம் "வராதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயெல்லாம் சேறு, துப்பிக்கொண்டிருந்தேன். அவன் என்னைத் தூக்க ஓடி வந்து தொடை வரை இறங்கிவிட்டான். ஒரு காலை இழுத்தால் மறுகால் இன்னும் கீழே போனது. வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. அவனுடைய ஒரு ஷூ இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஏழாம் கியர்

எனக்கு உறுத்துவது ஒரு ஷூ லேஸ். இறக்கம், இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் தண்ணீர், எதிரே வருவது தெரியாத வளைவு. திரும்பினால் பாதை நடுவில் ஒரு சின்னப் பெண் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சரளையில் வழுக்கியது. முன் டயர் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்த முடிச்சைப் போட்டு முடித்தாள். அவள் அப்பா ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம். இரண்டு வருஷம் ஆகிறது, அந்த வளைவில் இறங்கி நடந்துதான் போகிறேன்.

காற்றழுத்தம்

முதலில் எழுதியவருக்கு: உங்கள் டயரில் காற்று எவ்வளவு என்று சொல்லவே இல்லையே! பாதிப் பிரச்சினை அங்கேதான் இருந்திருக்கும்.

நானும் விழுந்திருக்கிறேன். ஈர வேர் ஒன்றின் மேல் முன்சக்கரம் சறுக்கித் தோள் இறங்கிவிட்டது. அன்றைக்கு டயரில் 38 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்திருந்தேன், ரொம்ப அதிகம்.

அதனால் சொல்கிறேன். 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயர், ஓட்டுபவர் எடை 75 கிலோ என்றால் முன்னால் 22, பின்னால் 25-இல் தொடங்கிப் பாருங்கள். ரிம் பாறையில் இடித்தால் ஒன்றிரண்டு ஏற்றுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிரில் அடித்த காற்று வெயில் ஏறியதும் கூடிவிடும், அதையும் கணக்கில் எடுங்கள். வேரைச் சாய்வாகக் கடக்காதீர்கள், கூடியவரை செங்குத்தாக ஏறுங்கள். பிரேக்கை வேருக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட்டு, வேர் மேல் போகும்போது விட்டுவிடுங்கள். பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது. ஏழாம் கியர் நண்பருக்கும் இதுதான்: நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில் இருக்கிறது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முன்னதைப் படிப்படியாக அழுத்தப் பழகுங்கள்.

கரையோரம்

காற்றழுத்தம் நண்பரே, மன்னிக்க வேண்டும், வண்டலில் 22 வைத்தாலும் 38 வைத்தாலும் ஒன்றுதான். ஓடும் தண்ணீர் தேங்கின தண்ணீரில் கலக்கும்போது வேகம் குறையும், சுமந்து வந்த பொடி மண்ணை அங்கேயே போட்டுவிடும். அதனால்தான் ஓடை வாயில் வண்டல் அவ்வளவு ஆழம். வெயில் மேல்தோலை மட்டும் காய வைக்கிறது, அடியில் தண்ணீர் அப்படியே நிற்கும். டயர் என்ன செய்யும்?

மாட்டிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, களி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தளர்த்த வேண்டும். நானும் ஒருமுறை மாட்டினேன், முழங்கால் வரைதான். அதைச் சொல்லவே இவ்வளவு எழுதுகிறேன்.

ஏழாம் கியர், அது உங்களுக்கு பிரேக் பாடம் நடத்துகிற விஷயம் இல்லை. நடப்பவருக்கு சைக்கிள்தான் வழிவிட வேண்டும். ஒரு மணி மாட்டிக்கொள்ளுங்கள், வளைவுக்கு முன்னால் அடியுங்கள். அவ்வளவே.

இரண்டாம் டார்ச்

இங்கே எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

நானும் நண்பனும் பிற்பகலில் தாமதமாகக் கிளம்பினோம். பெரிய ஏற்றமே இல்லாத சுற்று, ஆனால் ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறி இறங்கி ஏறி கால் செத்துவிட்டது. அவன் பின்தங்கினான். வந்துவிடுவான் என்று நான் போய்க்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில், கரை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் நின்றபோது தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. "டேய், டார்ச் ரெண்டும் உன் பையிலதானே இருக்கு?" பக்கத்தில் நின்று கேட்பது மாதிரி இருந்தது. சாயங்காலம் தண்ணீர்மேல் காற்று குளிர்ந்து கிடக்கும், ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே வரும். அவன் ஷூவின் கிளீட் (பெடலில் மாட்ட அடியில் இருக்கும் கட்டை) பாறையில் உரசியதுகூடக் கேட்டது. அவனுக்கும் எனக்கும் நடுவே இருநூறு மீட்டர் தண்ணீர். பாதையில் நான்கு கிலோமீட்டர். கியர் தொங்கும் கொக்கி உடைந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

"அங்கேயே இரு, வர்றேன்" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். பாதை ஓடைக்குள் வளையும்போது அவன் குரல் அறுந்துபோகும். முனைக்கு வந்தால் மறுபடி கேட்கும், என் பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசி முனையில் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான், தொண்டை கட்டிவிட்டிருந்தது.

"நீ ஏன்டா திருப்பிக் குரல் கொடுக்கல?" என்றான்.

மூச்சு வாங்கிக்கொண்டு மிதித்ததில், பதிலுக்குக் கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.