பானெட்டுக்குள் பி.எம்.டபிள்யூ: இன்றைய சூப்ராவை டொயோட்டா என்று சொல்லலாமா?

அண்ணா நகர் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் வைத்திருக்கும், டொயோட்டாவின் விளையாட்டுக் காரான ஜி.ஆர். சூப்ராவை இரண்டு நாட்கள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தியாவில் அந்தக் காரை டொயோட்டா விற்கவில்லை என்பதால் நம்மில் பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்போம். ஓட்டி முடித்த பிறகு என் மனத்தை விட்டு அகலாத ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

1990-களின் இறுதியில், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவிடம் நான்காம் தலைமுறைச் சூப்ரா, அதாவது ஏ80, இருந்தது. கோடை விடுமுறைக்குப் போன என்னைப் பின்னிருக்கையில் காலை மடக்கி உட்காரவைத்து அவர் போர்ட் டிக்சன் வரை ஓட்டிச் சென்றதும், இன்ஜின் சுற்றுமானியின் முள் 4,000 சுற்றுகளை நெருங்கும்போது இரண்டாவது டர்போ சேர்ந்துகொண்டு என் முதுகை இருக்கையோடு அழுத்தியதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அந்தக் காரில் இருந்த 2ஜேஇசட் இன்ஜின் டொயோட்டாவே வடிவமைத்தது. ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட அந்த இன்ஜினை, உள் பாகங்களை மாற்றாமலேயே அதன் இரு மடங்கு வரை தாங்கவைக்க முடிந்தது. தேவைக்கு மேல் உறுதியாகச் செய்வதே டொயோட்டாவின் குணம் என்று நான் நம்பியது அந்த இன்ஜினைப் பார்த்துத்தான்.

இன்றைய சூப்ராவிலோ, கியர் லீவரிலிருந்து திரையைத் திருப்பி இயக்கும் குமிழ் வரை கைபட்ட இடமெல்லாம் பி.எம்.டபிள்யூவாக இருந்தது. பானெட்டைத் திறந்தால் பாகங்களின் மேல் அந்த நிறுவனத்தின் முத்திரையே தெரிகிறது. இன்ஜின் அவர்களுடைய பி58. கார் ஜப்பானில் கூட உருவாகவில்லை; ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மேக்னா ஸ்டையர் ஆலையில், பி.எம்.டபிள்யூ இசட்4 காரோடு சேர்ந்தே உருவானது. காரில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை காலடியில் இருக்கும்போது யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனாலும் நான் ஓட்டியது டொயோட்டாவையா, டொயோட்டாவின் பெயர் தாங்கிய வேறொன்றையா என்று எனக்குத் தெளிவாகவில்லை. இதை வெறும் மன ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது இதில் உண்மையான இழப்பு இருக்கிறதா?

மறைமலை நகர் வாசகர்:

நண்பரே, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சூப்ராவுக்கு உயிர் எது என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். 1978-இல் டொயோட்டாவின் செலிக்கா காரின் நீட்சியாகப் பிறந்த நாள் முதல் அந்தப் பெயரைத் தனியாக அடையாளம் காட்டியது நீண்ட பானெட்டும், அதற்குள் நேர்வரிசையில் நின்ற ஆறு சிலிண்டர்களும்தான். ஜேஇசட் குடும்பத்து இன்ஜின்களின் உற்பத்தி 2007 அளவில் நின்றபின் டொயோட்டாவிடம் நேர்வரிசை ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் எதுவும் மிஞ்சவில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டுமே விற்கும் ஒரு காருக்காகப் புதிய இன்ஜினை அடியிலிருந்து உருவாக்கினால், அந்தச் செலவை அந்தக் கார் ஒருநாளும் திருப்பித் தராது. அந்த இன்ஜின் மரபை விடாமல் காத்துவந்த சிலருள் பி.எம்.டபிள்யூ முதன்மையானது. 2013 ஜனவரியில் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டதன் விளைவாகத்தான் சூப்ரா அதே ஆறு சிலிண்டர்களோடு 2019-இல் திரும்பி வந்தது. கைவசம் இருந்த, சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் இரு வரிசையாக நிற்கும் வி6 இன்ஜின் ஒன்றைத் திணித்து டொயோட்டா தன் சொந்தக் காராகவே விற்றிருந்தால், அடையாளம் காப்பாற்றப்பட்டது என்று நாம் சொல்லியிருப்போமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் போற்றும் அந்த ஏ80-இன் டர்போ வகையில் இருந்த ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸ், கெட்ராக் என்ற ஜெர்மானிய நிறுவனத்தோடு சேர்ந்து செய்யப்பட்டது. 1967-இல் வந்த 2000ஜி.டி. காரின் இன்ஜினில் யமஹாவின் கை இருக்கிறது. 2012-இல் வந்த 86 காரில் இருப்பது சுபாருவின் பாக்ஸர் இன்ஜின், அதாவது சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை. விளையாட்டுக் கார் என்று வந்துவிட்டால் டொயோட்டா தனியாக நின்ற காலத்தை விடத் துணையோடு நடந்த காலமே அதிகம்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த பி58 குடும்பத்து இன்ஜின்தான், செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் பொருத்தப்படும் எம்340ஐ காரிலும் இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கார்களை ஏற்றிய லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் சூப்ராவை நினைத்துக்கொள்வேன்.

திருவான்மியூர் வாசகர்:

அந்த எம்340ஐ காரை வைத்திருப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வரும்போது அந்த இன்ஜினைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் எழுந்ததில்லை. வெளிநாட்டில் ஒருமுறை சூப்ராவிலும் போயிருக்கிறேன். என் கார் நான்கு கதவுகளும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது; சூப்ரா பின்சக்கர இயக்கம் கொண்டது. வளைவில் அது திரும்பும் வேகத்தை என் காரிடம் எதிர்பார்க்க முடியாது. இன்ஜின் ஒன்றாக இருந்தால் கார் ஒன்றாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அம்பத்தூர் வாசகர்:

இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்பத்தூரில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். மறைமலை நகர் நண்பர் சொன்னவை எல்லாம் சரியானவை. ஆனால் அவர் காரைத் தயாரிப்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறார், நான் காரைப் பிரிப்பவனின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். சென்னையில் டொயோட்டா என்ற பெயருக்கு மதிப்பு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2000-இல் வந்த குவாலிஸும் 2005-இல் வந்த இன்னோவாவும் வாடகைக்கு ஓடி ஓடிச் சேர்த்த மதிப்பு அது. மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் கடந்த வண்டியை நடுவழியில் திண்டிவனத்திலோ திண்டுக்கல்லிலோ நிறுத்தினாலும், அங்கிருக்கும் மெக்கானிக் பயமில்லாமல் பானெட்டைத் திறப்பார். அந்தப் பயமின்மையைத்தான் நாங்கள் டொயோட்டா என்கிறோம்.

2ஜேஇசட் இன்ஜினும் அதே வயிற்றில் பிறந்ததுதான். வார்ப்பிரும்பு பிளாக், பிஸ்டன்களுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கும் அமைப்பு, வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் பெல்ட் முன்பக்கத்திலேயே கைக்கு எட்டும். இன்ஜினை இறக்காமலேயே பெல்ட்டை மாற்றிவிடலாம். பி58 பலவீனமான இன்ஜின் என்று நான் சொல்லவே மாட்டேன். அலுமினியம் பிளாக் என்றாலும் மேற்புறம் மூடிய வகையில் வார்க்கப்பட்டதால் கூடுதல் அழுத்தத்தை நன்றாகவே தாங்குகிறது. ஆனால் அதில் அந்த பெல்ட்டின் வேலையைச் செய்யும் டைமிங் செயின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே வேலை வந்தால் அது பெரிய வேலை. பி.எம்.டபிள்யூ கார்களில் பேட்டரியை மாற்றினால்கூடப் புதிய பேட்டரி வந்திருப்பதைக் கணினி வழியாகக் காருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய சிந்தனை முறை அப்படி. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனினும் அந்தச் சிந்தனை டொயோட்டாவினுடையது அன்று. ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில்: இழப்பு உண்மையானதுதான். அது முதல் நாளில் தெரியாது, பத்தாவது ஆண்டில் தெரியும்.

மாருதி சுஸுகியின் பலேனோவைக் கிளான்ஸா என்று பெயர் மாற்றி டொயோட்டா விற்பதை ஏற்றுக்கொண்ட நாம் சூப்ராவுக்கு மட்டும் ஏன் கலங்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கிளான்ஸாவை யாரும் சுவரில் படமாக ஒட்டி வளரவில்லை.

வில்லிவாக்கம் வாசகர்:

எழுபதைக் கடந்தவன் நான். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஆண்டுதோறும் போய்ப் பார்த்தவன். நீங்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுவதைப் படிக்கும்போது நம் ஊரிலேயே செய்யப்பட்ட ஒரு கார் நினைவுக்கு வருகிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் முழுவதும் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது பெற்ற வடிவம் அது, 3.5 லிட்டர் வி8 இன்ஜினுக்காகப் பிறந்த உடல். அந்த உடலுக்குள் நம் நிறுவனம் வைத்தது, 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரிலிருந்து வழிவந்த 1,991 சி.சி. இன்ஜினை. நம் சாலைகளுக்காக உடலைத் தூக்கியும் வைத்தார்கள். பார்த்தால் கம்பீரம், ஓட்டினால் ஏமாற்றம், விலையோ அதிகம். சில ஆண்டுகளுக்குள் உற்பத்தியே நின்றுபோனது.

அந்தக் காரில் பெயரும் சொந்தம், இன்ஜினும் சொந்தம். ஆனால் இன்ஜினும் உடலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. இன்றைய சூப்ராவில் நீளமும் அகலமும் முடிவானதும் இரு நிறுவனத்துப் பொறியாளர்களும் பிரிந்துபோய், அவரவர் காரை அவரவரே செப்பனிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். டொயோட்டாவின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா அதன் சக்கர இடைவெளியை, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தொலைவை, 2,470 மில்லிமீட்டராக வைத்தார். இது 86 காரை விட 100 மில்லிமீட்டர் குறைவு. கார் சட்டென்று திரும்ப வேண்டும் என்ற ஒரே எண்ணம் முழு உடலையும் ஆண்டிருக்கிறது. ஆகவே அது முழுமையான கார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்தச் சக்கர இடைவெளிக்காகக் கொடுத்த விலையை இங்கே யாரும் கவனிக்கவில்லையே! தம்பி, நீங்கள் பின்னிருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து போர்ட் டிக்சன் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஏ80-இன் சக்கர இடைவெளி 2,550 மில்லிமீட்டர். 1978 முதல் 2002 வரை எல்லாச் சூப்ராக்களிலும் சிறிதாகவேனும் பின்னிருக்கை இருந்தது. வேகமாகப் போகலாம், குடும்பத்தில் ஒரு பிள்ளையையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தொலைதூரமும் போகலாம் என்பதுதான் அந்தக் காரின் இயல்பு. இன்றைய கார் இருவருக்கு மட்டுமானது. இதை பி.எம்.டபிள்யூ மீது சுமத்திவிட முடியாது. டொயோட்டாவே விரும்பி எடுத்த முடிவு. என் கண்ணுக்கு, இன்ஜினை விட இதுதான் பெரிய விலகலாகத் தெரிகிறது.

அண்ணா நகர் வாசகர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வில்லிவாக்கம் ஐயா, நீங்கள் சுட்டிக்காட்டும் வரை அந்தப் பின்னிருக்கையை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் கேள்வியை நான் தவறான இடத்தில் வைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

மறைமலை நகர் நண்பர் சொன்ன செலவுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. 2020-இல் டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் காரைக் கொண்டுவந்தபோது 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினையும் அதற்கென நான்கு சக்கர இயக்கத்தையும் தானே உருவாக்கியது; ஜப்பானில் மோட்டோமாச்சி ஆலையில் அதற்கெனத் தனி உற்பத்திப் பிரிவையே அமைத்தது. மனம் வைத்தால் தனியாகச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. அந்த மனத்தை யாரிஸுக்குக் கொடுத்தவர்கள் சூப்ராவுக்குக் கொடுக்கவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அம்பத்தூர் அண்ணன் சொன்ன டைமிங் செயின் செய்தியைச் சித்தப்பா மகனுக்கு அனுப்பிவிட்டேன். ஆயில் மாற்றுவதில் கணக்குத் தவறாமல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

ஐயா சொன்னதைப் படித்தபின் கிள்ளானில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் ஊருக்குக் கிளம்பிய நாளில் சித்தப்பாவும் விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றார். மூன்று பேர் என்பதால் சூப்ராவை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டிலிருந்த இன்னொரு காரை எடுத்துக்கொண்டோம். பழைய காராக இருந்திருந்தால் பின்னிருக்கையில் நான் மறுபடியும் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன்.