வெறும் இருக்கைகளும் ஆதரவாளர் கணக்கும்

வான்நீலம், டிக்கோயா:
கடந்த சனிக்கிழமை இரவு ஹட்டனில் ஒரு தேநீர்க் கடையில் இங்கிலாந்தின் மென்செஸ்டர் சிட்டி காற்பந்துக் கழகத்தின் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் சில வரிசைகள் வெறுமையாகத் தெரிந்தவுடன், "பணம் வந்த பிறகுதான் இந்தக் கழகத்துக்கு ஆட்கள் வந்தார்கள்" என்று ஒருவர் சொன்னார். கடையில் இருந்த பலரும் அதை ஆமோதித்தார்கள். அங்கே பதில் சொல்ல வாய்க்காததால் இங்கே எழுதுகிறேன். கழகத்தை வாங்கிய அபுதாபிக்காரர்களின் பணம் வந்தது 2008ஆம் ஆண்டில். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1998–99 பருவத்தில், சிட்டி மூன்றாம் நிலைப் பிரிவுக்கு இறங்கி விளையாடியது. அப்போதும் சிட்டியின் பழைய மைதானமான மெயின் ரோட்டுக்கு ஒவ்வொரு லீக் போட்டிக்கும் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், 1934 மார்ச் 3ஆம் திகதி ஸ்டோக் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ணப் போட்டிக்கு அதே மைதானத்தில் 84,569 பேர் கூடியிருந்தார்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு எப்படி ஆதரவாளரே இல்லாத கழகம் என்று சொல்ல முடியும்?

ஹட்டன் சிவப்பு:
அண்ணா, 28,000 என்ற எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பருவத்தில், 1998 டிசம்பர் 8ஆம் திகதி, மேன்ஸ்பீல்ட் டவுனுடனான போட்டிக்கு மெயின் ரோட்டுக்கு வந்தவர்கள் 3,007 பேர் மட்டுமே. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எங்கள் மென்செஸ்டர் யுனைடெட் கழகமும் 1974இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில் எங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தவர்களின் சராசரி 48,000ஐத் தாண்டியது. முதற்பிரிவில் விளையாடிய எந்தக் கழகத்துக்கும் அந்த ஆண்டு அத்தனை பேர் வரவில்லை. தோற்று இறங்கிய பிறகும் நாட்டிலேயே பெரிய கூட்டம் என்றால், ஆதரவுக்கு அதைவிடச் சான்று எதற்கு?

வான்நீலம், டிக்கோயா:
தம்பி, 3,007 பேர் வந்தது கீழ்ப் பிரிவுக் கழகங்களுக்கென நடத்தப்படும் ஒரு கிண்ணத்துக்கான போட்டிக்கு, அதுவும் டிசம்பர் மாதத்துச் செவ்வாய் இரவில். அப்படி ஓர் இரவு எல்லாக் கழகங்களின் வரலாற்றிலும் இருக்கிறது. 1966 மே 5ஆம் திகதி ஆர்சனல் தன் சொந்த மைதானத்தில் லீட்ஸுடன் முதற்பிரிவுப் போட்டியிலேயே விளையாடியது. வந்தவர்கள் 4,554 பேர். ஆர்சனலுக்கு ஆதரவாளர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

பதுளை ஆசிரியர்:
நான் ஆர்சனல் ஆதரவாளன் என்பதால் அந்த இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே நேரத்தில் லிவர்பூல், டோர்ட்முண்ட் அணியுடன் ஓர் ஐரோப்பிய இறுதிப் போட்டியில் விளையாடியது. அது தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. அந்தப் பருவத்தில் ஆர்சனலின் ஆட்டமும் சோர்ந்திருந்தது. ஆகவே ஓர் எண்ணைக் காட்டுகிறவர் அது பதிவான நாளையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தின் லீக் போட்டிகளுக்கு 1948–49 பருவத்தில் மொத்தம் 4 கோடி 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். போர் முடிந்து, தொழிற்சாலைகள் ஓடி, வேறு பொழுதுபோக்குகள் குறைவாக இருந்த காலம் அது. 1985–86இல் அந்தத் தொகை ஒரு கோடி 65 இலட்சம் அளவுக்கு இறங்கியது. வேலையின்மை, மைதான வன்முறை, பழுதடைந்த அரங்குகள் எல்லாம் சேர்ந்து மக்களை வீட்டில் நிறுத்தின. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியதால் 97 பேர் உயிரிழந்த பின்னர், அதை விசாரித்த டெய்லர் அறிக்கையின்படி நின்று பார்க்கும் படிகள் அகற்றப்பட்டு இருக்கைகள் போடப்பட்டன; கொள்ளளவு குறைந்தது. யுனைடெட் முதலாவது பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்ற 1992–93இல் ஓல்ட் டிராஃபோர்டின் சராசரி 35,000தான், ஏனென்றால் மேற்குப் பக்க அரங்கு இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு 1974ஐவிட யுனைடெட்டின் ஆதரவு குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பிழை. இன்னொன்று: இப்போது அறிவிக்கப்படும் வருகை எண் பெரும்பாலும் விற்கப்பட்ட அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கை. சீட்டை வாங்கி வைத்துவிட்டு வராதவருடைய இருக்கையும் அதில் அடங்கும்.

ஹட்டன் சிவப்பு:
சேர், காலத்துக்குக் காலம் ஒப்பிடக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் 1974–75ஐ அதே 1974–75 பருவத்தின் மற்றக் கழகங்களோடுதான் ஒப்பிட்டேன். ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே வகை அரங்குகள். அந்த ஒப்பீட்டில் என்ன பிழை?

பதுளை ஆசிரியர்:
அதில் பிழை இல்லை.

நானுஓயா மலர்:
எல்லோரும் அங்குள்ள வாயிற்கணக்கையே பேசுகிறீர்கள். நம்மை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குளிர்காலத்தில் வார நடுவே நடக்கும் ஐரோப்பியப் போட்டி நமக்கு இரவு ஒன்றரை மணிக்குத்தான் தொடங்குகிறது. என் தம்பி கம்பளியைப் போர்த்துக்கொண்டு, லயத்தில் பக்கத்து அறையில் உறங்குபவர்கள் விழிக்காதபடி தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு லிவர்பூலைப் பார்ப்பான். கோல் விழுந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். விடிந்தால் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பான். சீட்டு வாங்கவில்லை என்பதற்காக அவனை ஆதரவாளன் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஹட்டன் சிவப்பு:
அக்கா, அவருடைய அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கழகம் தோற்றுக்கொண்டிருக்கும்போது கூலியில் ஒரு பங்கை எடுத்து, மழையில் நின்று, அடுத்த வாரமும் அதே வாயிலுக்கு வருபவரையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. நம்முடைய தோட்டத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நடந்தால், பனி இறங்கிக் கோல் கம்பம் மறைந்த பின்னரும் தேயிலைக் கரையில் குந்தியிருந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் மெயின் ரோட்டுக்கு வந்தவர்களோடு ஒப்பிட வேண்டும்.

வான்நீலம், டிக்கோயா:
தம்பி சொன்னதை இரண்டு நாட்களாக யோசித்தேன். நான் சிட்டியைப் பின்தொடரத் தொடங்கியது 2012 மே 13ஆம் திகதி, கூடுதல் நேரத்தில் அகுவேரோ அடித்த கோலோடு கிண்ணம் வென்ற அந்த மாலையில். எனக்குத் தெரிந்தவரையில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் சிட்டியின் வான்நீலச் சட்டை அணிபவர்களில் 2008க்கு முன்னர் அணிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே கடையில் சொல்லப்பட்ட குறை எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் பொருந்தும். 1999 மே 30ஆம் திகதி வெம்ப்ளி மைதானத்தில், மேற்பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதிப் போட்டியில், ஜில்லிங்ஹாமுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கியிருந்து, 95ஆவது நிமிடத்தில் டிக்கொவ் சமன் செய்யும்வரை கலையாமல் நின்றவர்களுக்கு அது பொருந்தாது. நான் எழுத வந்தது அவர்களுக்காகத்தான்.

ஹட்டன் சிவப்பு:
அப்படியென்றால் எனக்கு மறுப்பு இல்லை, அண்ணா. 48,000க்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.