ஐஸ் வைட் ஷட்: திரும்பப் பார்த்தவர்களிடம் சில கேள்விகள்

வணக்கம் நண்பர்களே. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான 'ஐஸ் வைட் ஷட்' பற்றி எங்கள் திரைப்பட வட்டத்தில் பேசவிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

1999 ஜூலையில் படம் வந்தபோது பலர் ஏமாந்துபோனார்கள். அப்போது நிஜத்திலும் தம்பதியாக இருந்த டாம் குரூஸ், நிக்கோல் கிட்மன் நடித்த கிளுகிளுப்பான படம் என்று நம்பிப் போனவர்களுக்கு, மெதுவாக நகரும் ஒரு கெட்ட கனவுதான் கிடைத்தது. மார்ச்சிலேயே குப்ரிக் இறந்துவிட்டதால் அவரிடம் விளக்கம் கேட்கவும் வழியில்லை.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் முகமூடி விருந்தில் இல்லை. படுக்கையறையில் மனைவி ஆலிஸ் (கிட்மன்) பேசுவதில் இருக்கிறது. விடுமுறையில் பார்த்த ஒரு கடற்படை அதிகாரிக்காகக் கணவனையும் மகளையும் விட்டுவிடத் தயாராக இருந்தேன் என்கிறாள். எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த நினைப்பே கணவன் பில்லை (குரூஸ்) இரவெல்லாம் தெருத்தெருவாக அலையவிடுகிறது. மனைவிக்கும் ஆசை உண்டு என்பதை அவனால் தாங்க முடியவில்லை. இதை இவ்வளவு நேராகச் சொன்ன படங்கள் குறைவு.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். இதன் மூலமான ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் குறுநாவல் 1926-இல் நூலாக வந்தது. வியன்னாவில் நடக்கும் கதை. அதைத் தமிழில் யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா? அமெரிக்கத் திரையரங்குப் பிரதியில் முகமூடி விருந்தின் பாலியல் காட்சிகளை மறைக்கக் கணினி உருவங்களைச் சேர்த்தார்கள். அவை இல்லாத பிரதியை எங்கே பார்க்கலாம்? அப்புறம், பெண்கள் அவசியம் சொல்லுங்கள்: கடைசியில் பொம்மைக்கடையில் ஆலிஸ் பேசுவது உங்களுக்குச் சமாதானமாகத் தெரிகிறதா, சலிப்பாகவா? கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தவர்கள் இருந்தால், எந்தக் காட்சி மாறித் தெரிந்தது என்றும் எழுதுங்கள்.