என்ரிச்மென்ட் ஃபாக்டர்: ‘செறிவூட்டல் காரணி’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

ஆற்று மாசு பற்றிய கட்டுரைகளில், வண்டலில் ஓர் உலோகம் இயல்பைவிட எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று காட்டும் என்ரிச்மென்ட் ஃபாக்டரைச் ‘செறிவூட்டல் காரணி’ என்றே போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. செறிவூட்டல் என்றால் ஒருவர் வேண்டுமென்றே, ஒரு பயன் கருதிச் செய்வது. யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள், அரிசியில் சத்துச் சேர்ப்பதையும் செறிவூட்டல் என்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவோடு பாலாற்றில் வந்து சேர்ந்த குரோமியத்துக்கும் அதே சொல்லா? படிக்கிறவருக்கு ஆற்றுக்கு ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கும்.

‘காரணி’யும் இடிக்கிறது. இந்த எண் எதற்கும் காரணமாக இருப்பதில்லை, எத்தனை மடங்கு என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். படுகையில் எடுத்த வண்டலில் குரோமியம் கிலோவுக்கு 450 மில்லிகிராம், அலுமினியம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு அந்த ஊரின் மாசுபடாத வண்டல் கிடைக்காதபோது பலரும் எடுத்துக்கொள்வது உலகக் களிப்பாறை (ஷேல்) சராசரி: குரோமியம் 90, அலுமினியம் 8 விழுக்காடு. 450-ஐ நேராக 90-ஆல் வகுத்தால் 5 வருகிறது. ஆனால் உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய களித்துகள்களில்தான் ஒட்டிக்கொள்ளும், மணல் கூடக் கூட அளவு குறைந்து தெரியும். அதனால்தான் வண்டல், களிப்பாறை இரண்டிலும் குரோமியத்தை அதனதன் அலுமினியத்தால் வகுத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுகிறோம். களி எவ்வளவு இருக்கிறது என்பதை அலுமினியம் காட்டிக்கொடுக்கும். இப்போது 450/4-ஐ 90/8-ஆல் வகுத்தால் விடை 10. மணல் மறைத்திருந்த பாதி வெளியே வந்துவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரே ஓடாத பாலாற்றில் வண்டல்தான் சாட்சி என்பதால், இந்த எண்ணுக்கு வைக்கிற பெயர் சாதாரண ஆளுக்கும் புரிந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: ‘மிகைச்செறிவு மடங்கு’. “இவ்விடத்து வண்டலில் குரோமியத்தின் மிகைச்செறிவு மடங்கு 10.” சொன்னதும் விளங்குகிறது, விளக்கம் தேவைப்படவில்லை. அலுமினியத்தைச் சேர்க்காமல் நேராக வகுத்து வந்த அந்த 5, கன்டாமினேஷன் ஃபாக்டர், அதற்கு ‘மாசு மடங்கு’ போதும். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரியும்.

இன்னொன்று. இன்டெக்ஸ் என்பதற்குக் ‘குறியீடு’ போடாதீர்கள், குரோமியத்தின் வேதிக் குறியீடும் அதே பத்தியில் வரும். ‘சுட்டெண்’ நன்றாக இருக்கிறது: நீரில் உள்ள பல கன உலோகங்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் கன உலோக மாசுச் சுட்டெண் 100-ஐத் தாண்டிய நீர் குடிக்க ஆகாது. ஹெவி மெட்டலுக்கு ஈழத்து நூல்களில் ‘பார உலோகம்’, இங்கே ‘கன உலோகம்’; இரண்டும் சரி, ஒரு கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும்.

‘மடங்கு’ ஒத்துவராது என்று தோன்றினால் மேலே உள்ள “இவ்விடத்து வண்டலில்” வாக்கியத்திலேயே உங்கள் சொல்லைப் பொருத்தி எழுதிக்காட்டுங்கள், பார்ப்போம்.