ஆராய்ச்சில கலந்துகிட்டவங்க இருக்கீங்களா? கடைசில ரிசல்ட் என்னன்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?

ஞானப்பல்_போனவன்:

ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்ச விஷயம். கீழ்த்தாடைல ரெண்டு ஞானப்பல்லும் படுத்த வாக்குல எலும்புக்குள்ள மாட்டிகிட்டு இருந்துச்சு, எப்படியும் எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க, அப்போ ஒருத்தர் வந்து எடுத்த பிறகு வர்ற வலிக்கு ஒரு மாத்திரை ஸ்டடி நடக்குது, இஷ்டம்னா சேருங்க, இல்லன்னாலும் உங்க வைத்தியத்துல ஒண்ணும் மாறாதுன்னாங்க. வலி மாத்திரைய சோதிக்க ஞானப்பல்லத்தான் ரொம்ப காலமா புடிச்சு வெச்சிருக்காங்களாம். வர்றவங்க பெரும்பாலும் சின்ன வயசு, வேற வியாதி இல்லாதவங்க, எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆபரேஷன், மரத்துப்போற ஊசி விட்டதும் வலி சொல்லி வெச்ச மாதிரி வந்து நிக்கும். நமக்கு கொடுமை, அவங்களுக்கு வசதி.

வாய்ல பஞ்சோட உக்காந்திருக்கேன். வலி வந்த உடனே மாத்திரை கிடையாது, மிதமான வலின்னு சொல்ற அளவுக்காவது ஏறணும். ஏறிச்சு. நர்ஸ் மாத்திரைய குடுத்து தண்ணி குடிக்க வெச்சு, வாயத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடில கூட பாத்தாங்க (தையல் போட்ட வாய எவ்வளவு திறக்க முடியும் சொல்லுங்க), அப்புறம் ரெண்டு ஸ்டாப்வாட்ச்ச ஒரே நேரத்துல ஓட விட்டு ரெண்டையும் என் கைல குடுத்தாங்க. லேசா குறையற மாதிரி தெரிஞ்ச நிமிஷம் முதல் வாட்ச்ச அமுக்கணும், "ஆமா, இப்போ உருப்படியா குறைஞ்சிருக்கு"ன்னு தோணினா ரெண்டாவது. தாங்கவே முடியலன்னா வேற மாத்திரை கேக்கலாம், ஆனா முடிஞ்சா ஒரு மணி நேரமாவது பொறுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. நடுவுல அப்பப்போ வந்து வலி எவ்வளவு, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கேட்டு எழுதிட்டுப் போவாங்க, தூங்கினாலும் எழுப்பிக் கேப்பாங்க.

ஒண்ணு ஒத்துக்கறேன், என் வாழ்க்கைல ஒரு வைத்தியத்துல என்னை இவ்வளவு கவனிச்சுப் பாத்ததே இல்ல. அடுத்த வாரம் தையல் பிரிச்சாங்க. அதோட சரி. ஒரு போன் கிடையாது. நான் முழுங்கினது நிஜ மாத்திரையா டம்மியா, மாத்திரை வேலை செஞ்சுதா இல்லையா, ஒண்ணும் தெரியாது. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஈறு_கேஸ்:

நான் சர்க்கரை + ஈறு நோய் ஸ்டடில இருந்தேன் சார். ஈற சுத்தம் பண்ணி வைத்தியம் பாத்தா சர்க்கரை குறையுதான்னு பாக்கறது. குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் பிரிச்சு, பாதிப் பேருக்கு உடனே ஆழமா சுத்தம் பண்ணுவாங்க, மீதிப் பேருக்கு கொஞ்ச மாசம் கழிச்சு. எனக்கு உடனே விழுந்துச்சு.

நான் மறக்காதது அளவு எடுத்ததுதான். மெல்லிசா கோடு போட்ட ஒரு கம்பி, அத ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பாப்பாங்க, ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு 28 பல்லு. 168 நம்பர்! அந்தம்மா சொல்லிகிட்டே போவாங்க, பக்கத்துல ஒரு பையன் டைப் பண்ணுவான், "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ரத்தம்"னு. படுத்துகிட்டே கேக்கறப்போ வயித்தக் கலக்கும், அஞ்சுக்கு மேல வர்றதெல்லாம் கெட்ட செய்தின்னு ரெண்டாவது தடவையே எனக்கு புரிஞ்சு போச்சு. மூணு மாசம் கழிச்சு திரும்ப அளக்கறப்போ, "மேடம் சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் நல்லா இருக்கு"ன்னு வாயத் திறந்தேன், கைய காட்டி நிறுத்திட்டாங்க. "நீங்க எந்த குரூப்னு என்கிட்ட சொல்லக் கூடாது." எனக்கு முகம் சுண்டிப் போச்சு. அவங்களுக்கு தெரிஞ்சா கை தன்னையறியாம லேசா அழுத்தும் இல்ல விடும், அளவு கோணிடும், அதுக்காகத்தான்னு அப்புறம்தான் இன்னொருத்தர் விளக்கினாங்க.

ரிசல்ட்டா? சொல்லல. என் சர்க்கரை கொஞ்சம் இறங்கிச்சு, ஆனா நான் அந்த மூணு மாசம் பயத்துல நடக்கவும் ஆரம்பிச்சிருந்தேன், எது பண்ணின வேலைன்னு யாருக்கு தெரியும். பின்னாடி படிச்சேன், 2022ல இந்த மாதிரி ஆராய்ச்சிகளையெல்லாம் காக்ரேன்காரங்க (மருத்துவ ஆராய்ச்சிகள அலசிப் பாக்கற ஒரு அமைப்பு) ஒண்ணா சேத்துப் பாத்ததுல ஈறு வைத்தியத்துக்கு 3, 4 மாசத்துக்கப்புறம் எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு காட்டற ரத்த டெஸ்ட், சராசரியா 0.43 சதவீதப் புள்ளி இறங்குதாம். என்னோட ஸ்டடி அந்தக் கூட்டத்துல இருக்கான்னு பேர் பேரா தேடிப் பாத்தேன், கெடைக்கல.

குட்டிம்மாவோட_அம்மா:

நாங்க ஆராய்ச்சில சேரல, ஆனா ஆராய்ச்சியால பொழைச்சோம்னு சொல்லலாம். பொண்ணுக்கு 6 வயசு, பால் கடவாப்பல்லுல சொத்தை. டிரில்ல பாத்தாலே நாற்காலில இருந்து இறங்கி ஓடிருவா. இன்னொரு டாக்டரம்மா ஊசியும் வேணாம் டிரில்லும் வேணாம், சொத்தைய எடுக்காமயே மேல ஒரு ஸ்டீல் தொப்பி மாட்டி அடைச்சிடலாம், காத்தும் சாப்பாடும் போகலன்னா உள்ள இருக்கற கிருமி பட்டினில கெடக்கும்னாங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு, குப்பைய பாய்க்கு அடில தள்ற மாதிரி இருக்கேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன்.

அவங்க கோவப்படல. ஸ்காட்லாந்துல ஹால் ன்னு ஒரு பல் டாக்டர் வருஷக்கணக்கா இப்படியே பண்ணிகிட்டு இருந்தாங்களாம், அத 132 பசங்கள வெச்சு சோதிச்சு 2007ல வெளியிட்டாங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லுல தொப்பி, இன்னொரு பல்லுல வழக்கமான அடைப்பு. ரெண்டு வருஷம் கிட்ட ஆனப்போ வலி, சீழ்னு பெரிய பிரச்சன வந்தது தொப்பி போட்ட பல்லுல 100க்கு 2, அடைச்ச பல்லுல 100க்கு 15. பசங்களுக்கும் தொப்பிதான் புடிச்சிருந்துச்சாம். பிள்ளைங்களுக்கு எது புடிச்சிருந்துச்சுன்னு கேட்டு அதையும் ஒரு ரிசல்ட்டா எழுதினாங்க பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன்.

முதல்ல பல்லுக்கு நடுவுல சின்ன ரப்பர் வளையம் மாட்டி அனுப்பிட்டாங்க, இடம் பண்ண. சில நாள் கழிச்சு போனா தொப்பிக்குள்ள பசை வெச்சு பல்லு மேல உக்கார வெச்சு, "கடி கண்ணு, நல்லா கடி"ன்னாங்க, அவளே கடிச்சு அவளே இறக்கிட்டா. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் தூக்கலா இருக்குன்னு சொன்னா, தானா சரியாச்சு. இப்போ எல்லார்கிட்டயும் வாயத் திறந்து வெள்ளிப்பல்லு காட்டறா.

சும்மா_படிக்கறவன்:

எல்லாரும் ஆராய்ச்சிக்கு மாலை போடறீங்க. விபெஹோல்ம்னு தேடிப் பாருங்க. ஸ்வீடன், 1940கள் கடைசி. மனவளர்ச்சி குறைஞ்சவங்கள வெச்சிருந்த ஒரு விடுதில, பல்லு சொத்தை எப்படி வருதுன்னு பாக்க, பல்லுல ஒட்டிக்கற மாதிரி மிட்டாய நாள் பூரா குடுத்தாங்க. அவங்க பல்லு போச்சு. யார் சம்மதம் குடுத்தா? சாப்பாட்டு வேளைக்கு நடுவுல ஒட்டற இனிப்பு சாப்பிட்டா சொத்தை வரும்னு நம்ம பிள்ளைங்களுக்கு சொல்றோமே, அது பாதி அவங்க வாயிலேர்ந்து வந்தது. ரிசல்ட் 1954ல வந்துச்சு. அவங்களுக்கு யாரு போய் சொல்லிருப்பா.

ரெண்டாம்_ஷிப்ட்:

நான் அந்தப் பக்கம். கோஆர்டினேட்டர் வேலை, அதாவது உங்களுக்கு போன் பண்ணி தொல்ல குடுக்கறவ. மேல சொன்னவர் கோவம் நியாயம்தான், அதனாலதான் சட்ட திட்டமெல்லாம் வந்துச்சு. உலக மருத்துவ சங்கத்தோட ஹெல்சின்கி பிரகடனம் 1964லேர்ந்து இருக்கு, ஆராய்ச்சி முடிவ பொதுவா தெரிஞ்சுக்க கலந்துகிட்டவங்களுக்கு வாய்ப்பு குடுக்கணும்னு அதுல எழுதியே இருக்கு. 2024ல திருத்தினப்போ உங்கள குறிக்கற வார்த்தையக் கூட மாத்திட்டாங்க, முன்ன ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்டவங்கங்கற மாதிரி இருந்தது இப்போ பங்கேற்பாளர்னு ஆச்சு. வார்த்த மாறிடுச்சு, கடுதாசி இன்னும் வரலன்னு நீங்க கேப்பீங்க. உண்மைய சொல்றேன், கடைசி ஆள் கடைசி விசிட் முடிஞ்சு, டேட்டா பூட்டி, கணக்கு போட்டு, பேப்பர் வெளிய வர்றதுக்குள்ள வருஷங்க ஓடிரும், அதுக்குள்ள என் மாதிரி ஆளுங்க அடுத்த ஸ்டடிக்கு போயிருப்போம், உங்க போன் நம்பர் இருக்கற ஃபைல் ஒரு அலமாரில இருக்கும். தப்புதான்.

திரி தொடங்கின அண்ணா, உங்க சம்மதப் படிவத்தோட ஒரு காப்பி உங்ககிட்ட குடுத்திருப்பாங்க, அதுல ஸ்டடி பதிவு நம்பர் இருக்கலாம், அத வெச்சு தேடுங்க. ஆராய்ச்சி ஒழுங்கா நடக்குதான்னு பாக்கற நெறிமுறைக் குழு போன் நம்பரும் அதுலயே இருக்கும், கூப்பிட்டு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ஆனா நீங்களும் எங்கள படுத்தறீங்க, அதையும் சொல்லணும்ல. வலி டைரி குடுத்தா வீட்ல வெச்சுட்டு, வர்ற அன்னிக்கு வாசல்ல உக்காந்து ஒரே பேனாவுல பதினாலு நாளையும் எழுதறவங்கள கண்ணால பாத்திருக்கேன். பேனா மை கூட மாறாது. 2002ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாள்பட்ட வலி இருக்கற 80 பேர், அதுல காகித டைரி வாங்கினவங்களோட ஃபைல்ல அவங்களுக்கு தெரியாம வெளிச்சம் பட்டா பதிவாகற சிப் ஒண்ண ஒளிச்சு வெச்சிருந்தாங்க. நேரத்துக்கு எழுதிட்டோம்னு அவங்க காட்டினது 90 சதவீதம். நிஜமா எழுதினது 11. இப்போ எல்லாம் போன்லயே டைரி ஆனதுக்கு காரணம் இதுவும்தான்.

ஈறு_கேஸ்:

ஐயோ. நான் பல்லு தேய்ச்ச கணக்கு அப்படித்தான் எழுதினேன் 😐

குட்டிம்மாவோட_அம்மா:

அண்ணா நீங்க முழுசா சொல்லவே இல்லயே, ரெண்டு வாட்ச்சையும் அமுக்கினீங்களா இல்லையா?

ஞானப்பல்_போனவன்:

படிவம் கெடைச்சுது, ரெண்டாம் ஷிப்ட் தோழிக்கு நன்றி, நெறிமுறைக் குழுவுக்கு ஒரு மெயில் தட்டி விட்டிருக்கேன்.

வாட்ச் கதைய சொல்லிடறேன், யாரும் திட்டாதீங்க. முதல் வாட்ச் நிஜம், அரை மணி தாண்டி லேசா விட்ட மாதிரி இருந்துச்சு, அமுக்கினேன். ரெண்டாவத கைல வெச்சுகிட்டு இதுவா, இதான் உருப்படியா, இன்னும் கொஞ்சம் பாப்போமான்னு யோசிச்சுகிட்டே இருக்கேன், அப்போ திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த படுக்கைல "டிக்"னு சத்தம். அவர் அமுக்கிட்டார். எனக்கு என்னமோ பரிட்சைல பக்கத்துல உக்காந்தவன் பேப்பர குடுத்துட்டு எழுந்து போன மாதிரி ஆயிடுச்சு. நானும் அமுக்கிட்டேன்.

ரெண்டாம்_ஷிப்ட்:

அண்ணா!!! இத அப்பவே அந்த நர்ஸ்கிட்ட சொல்லிருக்கலாமே, குறிச்சு வெச்சிருப்பாங்க.

ஞானப்பல்_போனவன்:

சொல்லிருப்பேன்மா. குறைஞ்சுதா குறைஞ்சுதான்னுதான் கேட்டாங்க. ஏன் அமுக்கினேன்னு யாரும் கேக்கல.