வெளிநாட்டுப் பிள்ளை வீட்டில் தங்குவதா, போதகர் மனையிலா?

கல்லடித்தம்பி:
எங்கள் மெதடிஸ்த சபைக்கு டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து 19 வயதுப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். ஆறு கிழமை நிற்பாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் இதே வாக்குவாதம்தான். பாதிப் பேர் போதகர் மனையில் ஏசி பூட்டி அறை ஒதுக்கச் சொல்கிறார்கள். நான் ஒரு குடும்பத்தோடு விடுவோம் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாவிக்கரையான்:
தம்பி, சொல்வது லேசு. டிசம்பர் மட்டக்களப்பில் மாரி. வெள்ளம், நுளம்பு, கரண்ட் போவது எல்லாம் சேர்ந்து வரும். காய்ச்சல் வந்தால் அந்தக் குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டும். தனி அறையும் கொதித்தாறின தண்ணீரும் ஆடம்பரமில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. யாருடைய பிள்ளையோ நம்மை நம்பி வருகிறது.

புளியந்தீவு அக்கா:
கவனம் வேண்டாம் என்று யார் சொன்னது, அண்ணன்? தனி அறையில் விட்டால் கவனித்ததாகிவிடுமா?

சில வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் இப்படி ஒரு பையன் நின்றான். முதல் ஞாயிறே சபைக்காரர் நாலு வீட்டில் மதியச் சாப்பாடு கொடுத்து, திங்கள் காலை எழும்ப முடியாமல் கிடந்தான். நானும் பிழை விட்டேன். அவனுக்கென்று பாணும் ஜாமும் வாங்கி மேசையில் வைப்பேன், நாங்கள் குசினியில் சாப்பிடுவோம். எட்டாம் நாள் அவனே உள்ளே வந்து என் மகளின் கோப்பையைக் காட்டினான். பிட்டும் மீன் சொதியும். அன்றைக்கே மாமியிடம் தேங்காய் துருவப் பழகப் போய், விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டான். மாமி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு அவர் அம்மம்மாதான். ஏசி அறையில் இது நடக்குமா?

நாவற்குடா ஆசிரியர்:
எங்கே தங்குவாள் என்பதை விடுங்கள். என்ன செய்யப் போகிறாள்? ஆங்கில வகுப்பு எடுப்பாள் என்று இப்போதே பெற்றோருக்குச் சொல்லியாயிற்றாம். சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளம் இல்லாமலும் வேலை செய்யக்கூடாது. பயிற்சியும் இல்லாத 19 வயதுப் பிள்ளை அவள். சிறுவர் இல்லத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கும் வழக்கமும் வேண்டாம். ஆறு கிழமை மடியில் ஏறிப் பழகின சின்னதுகள் பிறகு அழும், அதை யார் பார்ப்பது?

வாவிக்கரையான்:
சேர் சொன்னது சரி, வகுப்பு வேண்டாம். ஆனால் அக்கா, வில்லியம் ஓல்ட்டை நினைத்துப் பாருங்கள். 1814இல் இங்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி. எட்டு மாதத்தில் இதே ஊரில் கண்மூடினார். அதுதான் என் பயம்.

புளியந்தீவு அக்கா:
வரும் வழியில் மனைவியைக் கடலிலேயே இழந்து தனியாக வந்து சேர்ந்த மனிதர் அவர். அந்த எட்டு மாதத்தில்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியையும் தொடங்கினார். பயம் இருந்தால் நுளம்பு வலை வாங்குவோம், பக்கத்தில் டாக்டர் யார் என்று பார்த்து வைப்போம். பிள்ளையைப் பூட்டி வைக்கக் கூடாது.

இன்னொன்று. டிசம்பர் 26 அன்று நாவலடிக்குப் போவோம். 2004இல் சுனாமி அலை கொண்டுபோனவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றும்போது அவளும் எங்களோடு நிற்கட்டும். கமரா வேண்டாம்.

வாவிக்கரையான்:
அதற்கு நான் மறுப்பில்லை. வீட்டில் விடுவதானால் வயதான பெண் ஒருவர் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

கல்லடித்தம்பி:
இவ்வளவு கதைத்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. வீட்டில் நிற்க விருப்பமா, எதற்குப் பயம், என்ன சாப்பிடுவாள் என்று இன்றிரவே எழுதிக் கேட்கிறேன். அக்கா, உங்கள் மாமி இப்போதும் தேங்காய் துருவுவாரா?