மறுமொழி: முக்குளிப்புக் கடிகாரத்தில் சுழல்வது வளையமா, பூணா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தின் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ முக்குளிப்புக் கடிகாரத்தைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ‘பெசல்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. கண்ணாடியைச் சுற்றி நிமிடக் கோடுகளோடு, விரலால் திருப்பும்படி இருக்குமே, அதுதான். அதற்குத் தமிழாக ‘சுழற்பூண்’ என்று நான் முன்வைத்ததற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில்:

> ‘சுழல்வளையம்’ போதுமே. படித்தவுடன் புரிகிறது.

புரியும், ஆனால் எந்த வளையம் என்று புரியாது. இந்தக் கடிகாரத்துக்குள் ஏற்கெனவே வளையங்கள் மலிந்து கிடக்கின்றன. பின்மூடியைத் திருகும்போது அடியிலுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டால் நீர் கசியும். 1950-களில் பிளாங்பானை நடத்திவந்த ழான் ஜாக் ஃபீஷ்டர், ரப்பரை ஒரு பள்ளத்தில் உட்காரவைத்து, அதன்மேல் உலோக வளையம் ஒன்றை அமர்த்தினார். பக்கத்துத் திருகிலும் (நேரம் திருத்தும் குமிழ்) இரட்டை அடைப்பு வைத்தார். இத்தனைக்கும் நடுவே வெளியில் இருப்பதையும் வளையம் என்றால், ஒரே பத்தியில் நான்கு வளையங்கள் வந்து வாசகரைச் சுற்றவைக்கும்.

‘பூண்’ நம்மிடம் இருக்கும் சொல். உலக்கை நுனியில், கைத்தடியில், யானைத் தந்தத்தில் ஏறும் உலோகப் பட்டை. ஒரு பொருளின் விளிம்பைச் சுற்றி வெளியிலிருந்து மாட்டுவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

> பூண் என்றால் இறுகிப் பிடித்தது. உலக்கையில் பூண் சுற்றினால் அது கழன்ற பூண்!

ரசித்துச் சிரித்தேன். ஆனால் இந்த மறுப்புதான் என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. ஃபீஷ்டர் வெறும் முதலாளி அல்லர், முக்குளிப்பவர். தெற்குப் பிரான்சில் ஒருமுறை நீருக்கடியில் நேரம் போனது தெரியாமல் காற்று தீர்ந்து, தப்பிப் பிழைத்தவர். இறங்கும்போது பூணின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்களை அப்படியே படிக்கலாம். ஆனால் பாறையிலோ கயிற்றிலோ உரசி அது நகர்ந்துவிட்டால்? அதனால் 1953-இல் வந்த முதல் கடிகாரத்தில், அழுத்தினால் மட்டுமே அது திரும்பும். கையை எடுத்தால் பூட்டிக்கொள்ளும். இறுகி இருப்பதே அதன் இயல்பு, சுழல்வது நாம் கேட்கும்போது மட்டும். பூண் வேறு எப்படி இருக்கும்?

பின்னாளில் முக்குளிப்புக் கடிகாரங்களில் ஒரே பக்கமாகத் திரும்பும் அமைப்பு நிலைபெற்றது. தவறி நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். ஆள் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார். இதை ‘ஒருபோக்குச் சுழற்பூண்’ எனலாம். முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரமும், இந்தப் பாகம் தற்செயலாகத் திரும்பிவிடக் கூடாது என்கிறது.

‘பாகம்’ என்றதும் நினைவு வருகிறது. கடிகாரத்தின் பெயரில் வரும் ‘ஃபாதம்’ என்ற ஆழ அளவுக்கு ‘ஆறடி அலகு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். கடலோடிகள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்கிறார்கள். இரு கைகளையும் விரித்த அகலம் அது. ஆங்கிலச் சொல்லின் வேரும் விரித்த கைகளே. ஐம்பது பாகம் என்றால் 300 அடி, 91 மீட்டர் சொச்சம்; முக்குளிப்பவர் இறங்கக்கூடிய எல்லை என்று அன்று கருதப்பட்ட ஆழம். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் பொருள் சொன்னால் போதும். (குழப்பம் வருமென்றால், மேலே ஐஎஸ்ஓ வரியில் ‘உறுப்பு’ என்று திருத்திக்கொள்கிறேன்.)

பிரெஞ்சுக் கடற்படையின் போர் நீச்சல் படைக்காக அதன் அதிகாரிகள் ராபர்ட் மலூபியேவும் குளோத் ரிஃபோவும் கேட்டதும் இத்தகைய கடிகாரத்தைத்தான்: கறுப்பு முகப்பு, இருளில் ஒளிரும் குறிகள், அவற்றுக்கு ஈடாகப் பூணிலும் குறிகள்.

‘ரிவைவல்’ என்பதற்குத் தமிழ் எது என்பது பற்றி நீண்ட சண்டை வேண்டாம். மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் அலையில் பிளாங்பானே அடங்கிப்போய், 1980-களில்தான் மீண்டும் எழுந்தது. அதற்கு ‘மீட்டெழுச்சி’ பொருந்தும். ஆனால் 2003-இல், ஐம்பதாம் ஆண்டுக்காக பிளாங்பான் தலைவர் மார்க் ஹாயெக் கொண்டுவந்த 150 கடிகாரங்களுக்கு ‘மறுவார்ப்பு’ என்பேன். அவரும் முக்குளிப்பவர்தான். பழையதை அச்சுப்பிசகாமல் எடுக்கவில்லை: முன்பு பூணின் மேல் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கைப் பதித்திருந்தார்கள், அது கீறும், விரிசல் விடும். புதியதில் மேலே குவிந்த சஃபயர் படிகம். ஒளிரும் குறிகள் அதற்கு அடியில். 2007-இல் வந்த வரிசையிலும் அதே சஃபயர்ப் பூண்.

மறுப்பு வராவிட்டால் ‘சுழற்பூண்’ என்றே எழுதிவிடுகிறேன். பக்கத்துத் திருகுக்குப் பலர் ‘சாவி’ என்கிறார்கள், எனக்குத்தான் உறுத்துகிறது. தினமும் சாவி கொடுத்தால் அதன் அடைப்பு தேய்ந்து நீர் புகும் என்பதற்காகவே ஃபீஷ்டர், கை அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும் தானியங்கிப் பொறியை வைத்தார். தினமும் சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரத்தில் அதை எப்படிச் சாவி என்பது?

அன்புடன்